பெண் கேட்க வந்த ஏழைகள்

என் அக்கா ஐசில்டாவைப் பற்றி பர்மிங்ஹாமில் நாங்கள் இருக்கிற ஹேண்ட்ஸ்வொர்த்தில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவள் பிடிக்கிற சீட்டில் ஒரு காசு பிசகியதில்லை என்பார்கள். அப்புறம், பாவம், புருஷன் எக்பர்ட் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான் என்பார்கள். முதலாவது சத்தியம். இரண்டாவது அக்கா கிளப்பிவிட்டது. எக்பர்ட் ஜமைக்காவில், மாண்டெவில்லில், நான்கு பக்கமும் தாழ்வாரம் வைத்த வீட்டில் உட்கார்ந்து இன்றைக்கும் மாம்பழம் தின்றுகொண்டிருக்கிறான். வீடு அக்காவின் காசில் கட்டியது.

கதை இதுதான். ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் எழுபதுகளில் ஒரே கனவு. இங்கே உழைத்து ஊரில் வீடு கட்டி, கிழவயதில் போய் வெயில் காய வேண்டும். அக்கா ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு எக்பர்ட் கட்டட வேலையை மேற்பார்க்கப் போனான். மாதம் ஒரு போட்டோ வந்தது. அஸ்திவாரம் வந்தது, சுவர் வந்தது, கூரை வந்தது. கடைசியாக வந்த போட்டோவில் தாழ்வாரத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். யார் என்று அக்கா எழுதிக் கேட்டதற்கு, காவல்காரன் பெண்டாட்டி என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறு அக்கா கறுப்பு உடுத்திக்கொண்டு சர்ச்சுக்கு வந்து, எக்பர்ட் செத்துவிட்டான் என்று சொன்னாள். எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். நானும் விசாரித்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் நீங்களும் விசாரித்திருப்பீர்கள்.

எஞ்சியது பர்மிங்ஹாம் வீடு மட்டும்தான். அது வந்த கதையும் வேடிக்கை. நாங்கள் வந்த காலத்தில் வேலை கூப்பிட்டுக் கொடுப்பார்கள், அறைதான் கொடுக்க மாட்டார்கள். கறுப்பர்களுக்கு இடமில்லை என்று ஜன்னலில் அட்டையே தொங்கும். வேறு வழியில்லாமல் நாங்கள் கூடிச் சீட்டுப் போட்டோம். சீட்டு எடுத்த முறைக்கு ஆளுக்கு ஒரு இடிந்த வீடு வாங்கினோம். அக்கா வாங்கிய வீட்டுக்குள் எலிகூட ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் நுழையும். இன்றைக்கு அந்தத் தெருவில் வீட்டு விலையைக் கேட்டால் எலிக்குத் தலை சுற்றும்.

ஜிம்பாப்வேக்காரர்கள் எங்களுக்கு நாற்பது வருஷம் கழித்து வந்தார்கள். அவர்கள் நிலைமை எங்களுக்கு நேர் தலைகீழ். நாங்கள் வெறுங்கையோடு வந்தோம், அவர்கள் பட்டங்களோடு வந்தார்கள். வாடகைக்கு அறை கிடைத்தது, தங்கி வேலை பார்க்கக் காகிதம் கிடைக்கவில்லை. காகிதம் வருவதற்குள் பாங்கு மேனேஜர் கிழவர்களைக் குளிப்பாட்டப் பழகிவிட்டார், தலைமையாசிரியர் படுக்கை விரிக்கப் பழகிவிட்டார். வீடு வாங்கலாம் என்று அண்ணாந்து பார்த்தால் விலை எங்கேயோ போயிருந்தது. ஊரிலோ, அவர்கள் பணத்தில் கோடீஸ்வரன்கூட ஒரு முட்டை வாங்க முடியாத நிலைமை. அதனால் சம்பளத்தில் பாதி விமானம் ஏறிவிடும். தம்பி படிப்பு, சித்தி மருந்து, எப்போதும் கட்டிக்கொண்டே இருக்கிற ஒரு வீடு.

"இவங்க தூங்கவே மாட்டாங்களா, இரண்டு ஷிஃப்ட் பாக்குறாங்களே" என்று நாங்கள் அவர்களைச் சொல்வோம். "இவங்க வாங்கிப்போட்ட வீட்டுல உக்காந்துக்கிட்டு டோமினோ ஆடுறாங்க" என்று அவர்கள் எங்களைச் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. அவர்கள் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் போவதில் எங்களுக்கு வயிற்றெரிச்சல், எங்களுக்குச் சொந்த வாசற்படி இருப்பதில் அவர்களுக்கு வயிற்றெரிச்சல். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

இப்படி இருக்கும்போது அக்காவின் ஒரே மகள் யிவெட், முப்பத்தேழு வயதில், நகராட்சி அலுவலகத்தில் நல்ல வேலையில் இருப்பவள், ஒரு ஜிம்பாப்வேக்காரனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பெயர் டிச்சவோனா, சுருக்கமாக டிச்சா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதிகம் பேசாத பையன்.

அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஊர்ல வீடு கட்டறானா?"

"எல்லாரும் கட்டறாங்கம்மா."

"அப்ப வேணாம்."

யிவெட் அழவில்லை, சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீ வேணாம்னா நான் கட்டிக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். அவங்க ஆளுங்க முறைப்படி வந்து கேக்கறோங்கறாங்க. ஒரு தடவை உக்காந்து பேசு" என்றாள். தன் வாழ்க்கையில் நடந்தது மகளுக்கும் நடந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அக்காவுக்கு. மகள் சம்பாத்தியம் எங்கோ ஒரு ஊரில் எவனோ ஒருவனின் செங்கல்லாகப் போய்விடும் என்று ராத்திரியெல்லாம் புலம்பினாள். கடைசியில், வரட்டும், பார்க்கிறேன் என்றாள்.

"நம்ம என்ன பஞ்சத்துல அடிபட்டவங்களா? யார் வீட்டுக்கு வர்றோம்னு தெரியட்டும்" என்று முன்னறையைத் திறந்தாள்.

எங்கள் ஆட்கள் வீட்டு முன்னறை சாமானியத்தில் திறக்காது. பாதிரியார் வந்தால் திறக்கும், சாவு விழுந்தால் திறக்கும். பிளாஸ்டிக் உறை கழற்றாத சிவப்பு வெல்வெட் சோபா, கண்ணாடி மீன்கள், ஆள் நீள ரேடியோகிராம் பாட்டுப்பெட்டி, தங்க விளிம்பு வைத்து, புட்டிகள் அடுக்கிய மது வண்டி, சர்க்கரைப் பாகில் நனைத்து விறைப்பாக நிறுத்திய குரோஷா விரிப்புகள். அக்கா சமையலறையில் ஒற்றைக் கம்பி ஹீட்டருக்குப் பக்கத்தில்தான் வாழ்கிறாள் என்பது அந்த அறைக்குள் உட்கார்ந்தால் யாருக்கும் தோன்றாது. அன்றைக்கு இறகு வைத்த சர்ச் தொப்பியை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். தகப்பன் ஸ்தானத்துக்கு ஒரு ஆண் வேண்டுமாம் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு நிம்மதியாக இருந்தவன் நான். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு எனக்குப் பதவி கிடைத்தது.

சனிக்கிழமை மழையில் நனைந்துகொண்டு இரண்டு பேர் வந்தார்கள். பையனின் சித்தப்பா ஜோஸ்ஃபாட், அத்தை எஸ்னத். சித்தப்பா போட்டிருந்த கோட்டுக்குள் இன்னொரு சித்தப்பாவும் தாராளமாக நுழையலாம். ஒரு ஷூ வாயைப் பிளந்திருந்தது. அத்தையின் சால்வை சாயம் போய் என்ன நிறம் என்றே தெரியவில்லை. உள்ளே வந்ததும் இருவரும் கதவோரத்தில் மண்டியிட்டு, அவர்கள் ஊர் மரியாதைப்படி மெல்லக் கைதட்டினார்கள்.

அக்கா என் காதில், "எதையாவது தொலைச்சிட்டாங்களா?" என்றாள்.

"மேல உக்காருங்க. சோபா கடிக்காது" என்றேன் நான். நிபந்தனை மீறியதற்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

"இந்த மாதிரி எடத்துல உக்கார எங்களுக்கு ஏது தகுதி, அம்பூயா" என்றார் ஜோஸ்ஃபாட். பெண்ணைப் பெற்றவளை அவர்கள் அம்பூயா என்பார்கள். "நாங்க ஒண்ணுமில்லாதவங்க. மழைக்கு ஒதுங்குன மாதிரி உங்க வாசல்ல ஒதுங்கியிருக்கோம். தரை போதும்."

பேண்ட் அழுக்கு போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அதை என்னிடம் சத்தமாகவே சொன்னாள்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"வயசானவங்களைக் குளிப்பாட்டி விடுவேன், அம்பூயா."

"அதுக்கு முன்னாடி?"

மனிதர் ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். "அதுவும் அடுத்தவங்க காசை எண்ணிக் குடுக்கற வேலைதான்."

"சொந்த வீடு?"

"ஏழைக்கு ஏது வீடு. ஆகாசம்தான் கூரை."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த வீட்டைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கியதைச் சொன்னாள். யிவெட் பியானோ கற்றுக்கொண்டதைச் சொன்னாள். தங்க விளிம்புக் கோப்பைகளை எடுத்து மேஜைமேல் பரப்பினாள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க ஜோஸ்ஃபாட்டுக்கு நெற்றியில் வேர்த்தது. கண் கண்ணாடி மீனில் இருந்து ரேடியோகிராமுக்கும், ரேடியோகிராமில் இருந்து மது வண்டிக்கும் தாவியது. திருடத்தான் நோட்டம் விடுகிறார் என்று நினைத்தேன். மீனுக்கு எத்தனை மாடு பரிசம் கேட்பார்கள், ரேடியோகிராமுக்கு எத்தனை மாடு கேட்பார்கள் என்று கணக்குப் போட்டதாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

"பையன் வீட்டுல நெலம், ஆடு மாடு?" என்றாள் அக்கா.

"ஒரே ஒரு ஆடு இருந்துச்சு, அம்பூயா. அதுவும் நொண்டி."

"இருந்துச்சுன்னா?"

"போன வருஷம் செத்துப்போச்சு." அத்தை சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சரி, வந்தவர்கள் சாப்பிடட்டும் என்று அக்கா ஆட்டுக்கறியும் தேங்காய்ப்பால் சோறும் கொண்டுவரச் சொன்னாள். பேச்சு முடியாமல் கை நனைக்க மாட்டோம் என்றார் ஜோஸ்ஃபாட். ஐசில்டாவின் ஆட்டுக்கறியை வேண்டாம் என்று சொன்ன மனிதனை நான் அதுவரை பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை. எழுந்து என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கோட்டுகூட இரவல். ஆடுகூட நொண்டி. இந்தக் கூட்டம் என் பொண்ணைக் கேட்டு வரலை, இந்த வீட்டைக் கேட்டு வந்திருக்கு" என்றாள்.

யிவெட் அடுப்பருகில் நின்றாள். "டிச்சா சம்பளம் என் சம்பளத்தைவிட அதிகம்மா."

"அப்ப சித்தப்பன் ஏன் செத்த ஆட்டுக்கு அழறான்?"

"எனக்கு எப்படித் தெரியும். சித்தப்பா பேசிக்குவார்னு மட்டும்தான் டிச்சா சொன்னான்."

"சாப்பாட்டைக் கட்டிக் குடுத்து அனுப்பு. இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது."

யிவெட் ஏப்ரனை அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்தாள். இனி அந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் சமைக்கப் போவதில்லை என்பது போல வைத்தாள். இஞ்சி பீர் வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தெருமுனை திரும்பினால் வெள்ளி நிறத்தில் பெரிய பென்ஸ் கார். உள்ளே முன் சீட்டில் யாரோ பேப்பரை முகத்துக்கு மேல் பிடித்துச் சரிந்து கிடந்தார்கள். பேப்பர் தலைகீழாக இருந்தது. பஸ் டிரைவரிடம் ஒளியத் தெரிந்த பயணியை நான் இன்னும் சந்திக்கவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். புத்தம்புது சூட்டில் டிச்சா.

"எறங்கு."

"கூடாது மாமா. பொண்ணு வீட்டுல கூப்பிட்டாத்தான் மாப்பிள்ளை வரணும். அதுவரைக்கும் கண்ணுல படக்கூடாது."

"யார் கார்?"

"சித்தப்பாவோடது."

"யாரு, அந்த நொண்டி ஆட்டுக்காரரா?"

பையன் தலையைத் தொங்கப் போட்டான். பெண் கேட்கப் போகும்போது வசதியைக் காட்டக் கூடாதாம். காட்டினால், மாப்பிள்ளை வீட்டார் பரிசமாகக் கொடுக்கிற மாட்டு எண்ணிக்கையைப் பெண் வீட்டு மாமன்மார் ஏற்றிவிடுவார்களாம். அதனால் காரை ஒளித்துவிட்டுக் கந்தலில் போவதுதான் வழக்கமாம். கோட்டு ஒரு நோயாளியிடம் இரவல் வாங்கியதாம்.

எனக்குப் பொதுவாகவே மூக்கு மேல் கோபம். "உங்க வழக்கத்துல என் அக்கா பொண்ணு வாழ்க்கை போகப் போகுது. வண்டியை எடுத்து வாசல்ல நிறுத்து" என்று கத்தினேன். பையன் எடுத்து நிறுத்தினான்.

அக்கா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். "இது யாரோட கார்?"

நான் சொன்னேன். ஜோஸ்ஃபாட் மெல்ல எழுந்து அந்தப் பெரிய கோட்டைக் கழற்றினார். உள்ளே இஸ்திரி போட்ட சட்டை, டை. முதுகு நிமிர்ந்தது, குரலே மாறிவிட்டது. ஜிம்பாப்வேயில் க்வேரு நகரத்தில் ஒரு பாங்குக் கிளைக்கு மேனேஜராக இருந்தவராம்.

"மன்னிக்கணும் அம்பூயா. காசு இருக்குன்னு காட்டிக்கிட்டுப் பொண்ணு கேக்கறது எங்க பக்கம் அவமரியாதை. கடைக்கு வந்த மாதிரி ஆயிடும். கெஞ்சிக் கேட்டாத்தான் பொண்ணுக்கு மதிப்பு. அதுவும் இந்த ரூமைப் பாத்ததும் எத்தனை மாடு கேப்பீங்களோன்னு ஆயிடுச்சு. நீங்க ஒவ்வொரு கோப்பையா எடுத்து வைக்க, நான் ஆட்டைக் கொல்ல வேண்டியதாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. "பிச்சைக்காரனா இருந்தாக்கூடப் பரவாயில்ல. இவ்வளவு நல்லா நடிக்கத் தெரிஞ்ச ஆளுங்ககிட்ட என் பொண்ணை எப்படிக் குடுப்பேன்" என்றாள். பிறகு வாசலில் நின்ற டிச்சாவைப் பார்த்தாள். "நீ சொல்லு. ஊர்ல வீடு கட்டறியா?"

"அஞ்சு ரூம், மாடியோட" என்று சித்தப்பா முந்திக்கொண்டார். வேஷம் கலைந்த பிறகு பெருமை அடிக்கத் தடையில்லை அல்லவா.

"இல்ல அம்பூயா" என்றான் டிச்சா.

சித்தப்பா திகைத்துப்போய் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறு வருஷமா பெரியண்ணனுக்குப் பணம் அனுப்பினேன். சுவர் எழும்பற போட்டோ வந்துச்சு, ஓடு போட்ட போட்டோ வந்துச்சு. போன வருஷம் போய்ப் பாத்தேன். நெலத்துல சோளம் நின்னுச்சு. போட்டோல இருந்தது அடுத்த தெரு பாதிரியார் வீடு. அண்ணன் எனக்குச் சோளம் வேக வெச்சுக் குடுத்தான். சாப்பிட்டுட்டு வந்துட்டேன். இது யிவெட்டுக்குத் தெரியும். வேற யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட கேட்டுக்கிட்டேன், வெக்கமா இருந்துச்சு."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நான் பதறினால், சிரிக்கிறாள். தொப்பி இறகு ஆட ஆடச் சிரித்தாள். "சோளம் வேக வெச்சுக் குடுத்தானா? எனக்கு அதுகூடக் கெடைக்கலையே. எக்பர்ட் ஒரு மாங்காய்கூட அனுப்பலை" என்றாள்.

எஸ்னத் அத்தை தயங்கி, "உங்க வீட்டுக்காரர் தவறிட்டார்னு சொன்னாங்களே" என்றாள்.

"எனக்குத் தவறிட்டார். அவருக்கு இன்னும் தெரியாது."

முப்பது வருஷம் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை, வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாதவர்களிடம் அவள் சொன்னாள். போட்டோக்களைப் பற்றிச் சொன்னபோது டிச்சா வாசலில் இருந்து மெல்ல வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். ஏமாற்றுகிறவனைத் தேடிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தவளுக்கு, தன்னைப் போலவே ஏமாந்த ஒருவன் வந்து சேர்ந்துவிட்டான். அவள் முகம் இளகியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அதற்காகப் பேரத்தை விடுகிறவளா. "மாடு கீடு எதுவும் எனக்கு வேணாம். ஒரே நிபந்தனை. அங்க ஒரு செங்கல் வைக்கக் கூடாது" என்றாள்.

ஜோஸ்ஃபாட் பதறிவிட்டார். "எதை வேணாலும் கேளுங்க, இதைக் கேக்காதீங்க அம்பூயா. ஊர்ல வீடில்லாத ஆம்பளை செத்தா எங்க கொண்டு போய் வெப்போம்?"

"இங்கதான். நாங்கல்லாம் எங்க போறோம்? ஹேண்ட்ஸ்வொர்த் கல்லறைல காத்தோட்டமா இருக்கும்."

நல்ல மனிதர், ஆடிப்போய்விட்டார். அப்புறம் மகா பேரம் நடந்தது. அவர் ஐந்து அறையில் ஆரம்பித்தார், அக்கா திண்ணமாக ஒன்றுமில்லை என்றாள். கடைசியில் இரண்டு அறையில் வந்து நின்றார்கள். நிலம் யிவெட் பெயரிலும் இருக்க வேண்டும், சுவர் எழும்பும்போது அவள் நேரில் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும், போட்டோ செல்லாது. டிச்சா எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மாமன் முறைக்கு எனக்கு ஒரு சூட்டும் ஒரு ரம் பாட்டிலும் என்று முடிவாயிற்று. நான் ஆட்சேபிக்கவில்லை. யிவெட் உள்ளேயிருந்து வந்து அம்மாவின் பின்னால் நின்று தோளில் கை வைத்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தபோது எஸ்னத் அத்தை, "இன்னும் அம்மாவோட மாடு பேசலையே" என்றாள்.

"அதான் மாடு வேணாம்னுட்டேனே" என்றாள் அக்கா.

"அது பொண்ணோட அப்பன் வீட்டுக்குத் தர்ற மாடு. அதை விடலாம். இதை விடக் கூடாது. பெத்த வயித்துக்கு ஒரு மாடு. காசாக் குடுக்கக் கூடாது, நாலு காலோட நிக்கற மாடா இருக்கணும். அது உங்களுது. புருஷன் தொட முடியாது, தம்பி தொட முடியாது. கன்னு போட்டா அதுவும் உங்களுது. ஊர்ல எங்க அண்ணி, டிச்சாவோட அம்மா, வீட்டுத் தொழுவத்துல உங்க பேர்ல நிக்கும்."

அக்காவுக்கு இது பிடிபடவில்லை. "நான் எதுவும் போடலையே. சீட்டுலகூட நான் போட்டதைத்தான் எடுத்திருக்கேன். இதுக்கு நான் என்ன போட்டேன்?"

எஸ்னத் திரும்பி யிவெட்டைப் பார்த்தாள்.

அக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்த ஜோஸ்ஃபாட், வேண்டுமானால் இரண்டாகக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்ன நெறம்னு நான் சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லுங்க."

"செவலை. நெத்தியில வெள்ளை இருக்கணும். எடது கொம்பு கொஞ்சம் கீழ வளைஞ்சிருக்கணும்."

"கொம்பு மட்டும் சிரமம், அம்பூயா" என்றார் அவர். "தேடிப் பாக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்த மாட்டைத் தெரியும். அது எங்கள் அப்பாவுடையது, எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அதைச் சந்தையில் விற்ற காசில்தான் அக்கா இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினாள். அதை ஓட்டிக்கொண்டு போன காலையில் அவள் வெளியே வராமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

"தேடுங்க" என்றாள் அக்கா. "கெடைச்சதும் சொல்லுங்க. நான் வந்து பாப்பேன்."